அகழியும் எருவும்

மருத்துவர் என்னும் சொல்லைக் கேட்டவுடன் வெள்ளை அங்கியும் கழுத்தில் தொங்கும் குழாயும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆடு மாடுகளுக்கும் மருத்துவர் உண்டு என்பதை நாம் அறிவோம். மரத்திற்கும் மருத்துவர் உண்டு என்று யாரேனும் கூறினால், நம்மில் பலர் புன்னகை செய்வர். எனினும் இது புதுமையான செய்தி அன்று. மரங்களுக்கு வரும் நோய்களையும் அவற்றிற்குச் செய்ய வேண்டிய பண்டுவத்தையும் பற்றிச் சுரபாலர் என்பவர் வடமொழியில் 'விருட்சாயுர்வேதம்' என்னும் நூலைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தார். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜான் டேவி என்பவர் 1901-ஆம் ஆண்டில் 'மர மருத்துவர்' என்னும் பெயரிலேயே ஒரு நூலை வெளியிட்டார். இன்று மேலைநாடுகளில் இது பயிற்சியும் சான்றிதழும் பெற்றுச் செய்யும் தொழிலாக வளர்ந்திருக்கிறது.

நம் காவிரிப் படுகையிலும் இத்தொழிலைச் செய்வோர் ஊர்தோறும் இருக்கின்றனர். ஆனால் அவர்களுக்குப் பட்டமும் இல்லை, சான்றிதழும் இல்லை. 'மரம் ஏறுகிறவர்' என்றோ, 'மரம் வெட்டுகிறவர்' என்றோ சொல்லி முடித்துவிடுகிறோம். தேங்காய் முற்றினாலோ, கிளை கூரைமேல் சாய்ந்தாலோ ஒழிய அவர்கள் நம் நினைவுக்கு வருவதில்லை. கொரோனாக் கொள்ளைநோய் நம்மை வாட்டிய 2020, 2021-ஆம் ஆண்டுகளில் அத்தகைய ஒருவரை அருகிலிருந்து காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. குருமடத்தில் பல ஆண்டுகள் மெய்யியலும் இறையியலும் பயின்ற எனக்கு, கயிறும் அரிவாளும் மட்டுமே அறிந்த அந்த அன்பர் கற்றுத் தந்த பாடம் ஒன்று உண்டு. அதனை வாசகப் பெருமக்களோடு பகிர்ந்துகொள்வது நலமென்று கருதுகிறேன்.

அப்போது நான் பணியாற்றிய பங்கு பட்டுக்கோட்டைக்குத் தெற்கே இருந்தது. மேட்டூர் அணைத் திட்டத்தோடு வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாயை அப்பகுதி மக்கள் 'புது ஆறு' என்பார்கள். அந்தப் புது ஆற்றின் நீரை நம்பி நெல்லும், மணற்பாங்கான மேட்டில் தென்னையும் வளரும் நாடு அது. பெண்ணுக்குச் சீர் செய்வதும், பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புவதும் தென்னையின் வருவாயைக் கொண்டுதான். 2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிய கஜா புயல் அந்த நம்பிக்கையை ஒரே இரவில் சாய்த்துவிட்டது. இலட்சக்கணக்கான தென்னைகள் நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் வீழ்ந்தன. சில வேரோடு பெயர்ந்தன. சில கொண்டை முறிந்து மொட்டைக் கம்பமாய் நின்றன.

கொண்டை முறிந்த மரம் மீண்டும் துளிர்க்குமா என்று அன்று பலர் என்னிடம் கேட்டனர். அதற்கு விடை தந்தவர் நம் அன்பர்தான். "வேம்பு துளிர்க்கும், புளி துளிர்க்கும், பூவரசு துளிர்க்கும். தென்னைக்கு மட்டும் ஒரே உயிர்தான், சாமி. அது குருத்துக்குள்ளே இருக்கு. குருத்துப் போனால் மரம் போச்சு" என்றார். நூல்கள் கூறுவதும் அதுவே. மற்ற மரங்களுக்கு ஒவ்வொரு கிளை நுனியிலும் கணுவிலும் உயிர்மொட்டுகள் உண்டு. தென்னைக்கோ உச்சியில் ஒன்றே ஒன்று. புயலுக்குப் பின் வைத்த நெட்டைக் கன்றுகள் காய்ப்பதற்கு ஆறேழு ஆண்டுகள் ஆகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். எஞ்சி நின்ற மரங்கள் அந்தக் குடும்பங்களுக்கு எத்துணை விலைமதிப்புடையவையாய் இருந்தன என்பது அப்போது விளங்கும்.

அவர் தொழில் செய்யும் முறையைச் சிறிது சொல்ல வேண்டும். தென்னையில் ஏறுவதற்குப் பாதங்களில் மாட்டும் தளைக்கயிறு ஒன்று. இடுப்பில் செருகிய அரிவாள் ஒன்று. பெரிய மரமானால் கோடரியும் வடக்கயிறும். கஜாவுக்குப் பின் மரம் அறுக்கும் இயந்திரம் ஒன்றையும் கடன் பெற்று வாங்கியிருந்தார். சிலர் ஏறுவதற்கு வசதியாகத் தென்னையின் உடலில் படி படியாகக் கொத்தி வைப்பதுண்டு. அவர் அதை ஒருபோதும் செய்யமாட்டார். மாமரத்தில் பட்ட காயத்தை ஓரங்களிலிருந்து புதிய பட்டை வளர்ந்து மூடிவிடும். தென்னைக்கு அவ்வாறு மூடும் ஆற்றல் கிடையாது. அதன் உடலில் விழுந்த வெட்டு, மரம் சாகும்வரை வெட்டாகவே இருக்கும்.

எங்கள் கோயில் வளாகத்தில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தின் பெருங்கிளை ஒன்றை அவர் நீக்கிய முறையை நான் நின்று பார்த்தேன். அடிமரத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை அடி தள்ளி, முதலில் கிளையின் கீழ்ப்புறத்தில் பாதி அளவு அறுத்தார். பின்னர்ச் சற்று அப்பால் மேற்புறத்தில் அறுத்தார். கிளை பட்டையை உரித்துக்கொண்டு போகாமல் சுத்தமாய் முறிந்து, கயிற்றில் தொங்கி, மெல்ல இறங்கியது. அதன் பின்னரே எஞ்சிய கட்டையை, கிளை புறப்படும் இடத்தில் மோதிரம்போல் தடித்திருக்கும் பகுதியைத் தொடாமல் வெட்டி எடுத்தார். அந்தத் தடிப்பைக் காயப்படுத்தினால் மரம் புண்ணை மூடாது என்பது அவர் தந்தையார் அவருக்குக் கற்றுத் தந்தது. அமெரிக்க வனத்துறை அறிவியலாளர் அலெக்ஸ் ஷைகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து ஆராய்ந்து, இதே உண்மையை உலகுக்கு எடுத்துரைத்தார். நம் உடலைப்போல் மரம் புண்ணை ஆற்றிக்கொள்வதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதிதாய் வளர்கிறது என்பதே அவர் கண்டது. வெட்டிய இடத்தில் தாரும் வண்ணமும் பூசுவதால் பயன் இல்லை என்பதையும் அவர் காட்டினார்.

இவ்வளவு நுட்பம் அறிந்த கைகளைத்தான் 2020 மார்ச் மாதம் முடக்கிப் போட்டது. மார்ச் 11-ஆம் நாள் உலக நலவாழ்வு நிறுவனம் கொரோனாவை உலகளாவிய கொள்ளைநோய் என்று அறிவித்தது. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. வேளாண்மைப் பணிகளுக்கு ஓரிரு நாள்களிலேயே விலக்கு அளிக்கப்பட்டது உண்மை. ஆனால் மரம் ஏறுவது வேளாண்மையா, அன்றா என்று சாலையில் தடியோடு நிற்கிறவரிடம் யார் வழக்காடுவது? அரிவாளோடு மிதிவண்டியில் செல்லும் ஒருவரைக் கண்டால் எவருக்கும் ஐயம் எழுவது இயல்பே. மேலும், வெட்டிய தேங்காயை ஏற்றிச் செல்ல லாரி இல்லை. வாங்க வணிகர் இல்லை. நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை நடக்கும் தேங்காய் வெட்டு நின்றுபோயிற்று. முற்றிய காய்கள் இரவில் தாமாக விழும் ஓசையை நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். மரத்தில் காய் இருந்தது. வெட்டத் தெரிந்தவர் வீட்டில் அரிசி இல்லை.

அவ்வாண்டு ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு. ஆண்டுதோறும் அதற்கு முந்திய நாள் எங்கள் பங்கிற்கு வேண்டிய ஓலைகளை அவரே வெட்டித் தருவார். குருத்தை வெட்டுவது எளிதன்று. கை சற்றுத் தாழ இறங்கினால் உயிர்மொட்டில் பட்டு மரமே பட்டுப்போகும். எத்தனை ஆண்டுகள் வெட்டியும் ஒரு மரத்தையும் அவர் இழந்ததில்லை. அந்த ஆண்டு ஓலைக்குத் தேவை எழவில்லை. பூட்டிய கோயிலுக்குள் நானும் உபதேசியாரும் மட்டும் நின்று திருப்பலி நிறைவேற்றினோம். ஓலைக்காக அவருக்கு நாம் வழக்கமாகக் கொடுக்கும் சிறு தொகையும் இல்லாமற்போகவே, அதனை உபதேசியார் வழியாக வீட்டிற்கு அனுப்பினேன். "வெட்டாத ஓலைக்குக் கூலி எதுக்கு சாமி?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் வேறு பெயர் சொல்லி அரிசியாக அனுப்பிய பின்னரே ஏற்றுக்கொண்டார். உழைப்பவருக்கு உதவுவதும் ஒரு கலை என்பதை அன்று உணர்ந்தேன்.

அரிசி அட்டை வைத்திருந்த குடும்பங்களுக்குத் தமிழக அரசு அந்த மாதம் ஆயிரம் ரூபாயும் விலையில்லா அரிசியும் வழங்கியது. தொழிலாளர் நல வாரியங்களில் பதிவு பெற்றோர்க்குத் தனியே உதவித்தொகை கிடைத்தது. நம் அன்பர் எந்த வாரியத்திலும் பதிவு செய்திருக்கவில்லை. அவரை ஒத்த பலரும் அப்படியே. அவர்கள் உழைப்பைக் கொண்டு ஊர் வாழ்ந்தது. ஆனால் அவர்கள் பெயர் எந்தப் பேரேட்டிலும் இல்லை.

எட்டாண்டு இடைவெளிக்குப் பின் 2020 ஜூன் 12 அன்று, வழக்கமான நாளில், மேட்டூர் அணை திறக்கப்பட்டது. ஆற்றில் நீர் வந்ததும் மக்கள் முகத்தில் ஒளி வந்தது. தோப்புகளில் மெல்ல வேலை தொடங்கியது. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அவர் மீண்டும் மரம் ஏறினார். "மேலே போனால் துண்டை அவுத்துடுவேன் சாமி. அங்கே காத்து யாருக்கும் சொந்தமில்லே" என்பார்.

அந்த நவம்பரில் மற்றோர் அச்சம் எழுந்தது. வங்கக் கடலில் உருவான நிவர் புயல் கரையை நோக்கி வருவதாக அறிவிப்பு வந்தது. தஞ்சை உள்ளிட்ட ஏழு மாவட்டங்களில் நவம்பர் 24 நண்பகலுக்குப் பின் பேருந்துகள் நிறுத்தப்பட்டன; 25-ஆம் நாள் பொது விடுமுறை விடப்பட்டது. கஜாவின் வடு ஆறாத மக்கள் நடுங்கிப் போயினர். காய்ந்த மட்டைகளையும், முற்றிய குலைகளையும் முன்கூட்டியே இறக்கிவிட்டால் கொண்டையின் பாரம் குறையும். காற்றும் எளிதில் ஊடுருவிச் செல்லும். ஆகவே தென்னை வைத்திருந்தோர் அனைவரும் ஒரே நேரத்தில் மரமேறுவோரைத் தேடினர். எட்டு மாதமாய் அழைப்பாரற்றுக் கிடந்தவருக்கு இரண்டு நாள்கள் உண்ணவும் நேரமில்லை.

அந்நேரத்தில் எங்கள் ஊரில் ஒரு வீட்டின் கதவில், நோய்த்தொற்று உள்ள வீடு என்னும் அறிவிப்புத் தாள் ஒட்டப்பட்டிருந்தது. மகனுக்குத் தொற்று, மருத்துவர் அறிவுரைப்படி வீட்டிலேயே தனித்திருந்தார். உடன் அவருடைய மனைவியும் முதிய தாயாரும் இருந்தனர். ஓட்டுக்கூரை வீடு. கஜாவில் சாய்ந்தும் விழாமல் நின்ற தென்னை ஒன்று அந்தக் கூரைக்கு நேர்மேலே வளைந்து நின்றது. அடுத்த வீட்டார் சொல்லித்தான் செய்தி என் காதுக்கு எட்டியது. மரமேறும் மற்ற இருவர் அவ்வீட்டிற்கு வர மறுத்துவிட்டனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அவர்கள் வீட்டிலும் குழந்தைகள் உண்டு.

நம் அன்பர் என்னிடம் வந்தார். அவரைப் போகச் சொல்லவும் எனக்கு மனமில்லை, தடுக்கவும் நாவெழவில்லை. "நீயே ஆராய்ந்து முடிவு செய்யப்பா. பிள்ளைகளையும் நினைத்துக்கொள்" என்றேன். அவர் சற்று நேரம் நின்றார். பிறகு, "மூணு பேர் உள்ளே இருக்காங்க. வெளியே வாங்கன்னும் சொல்ல முடியாது. காத்து வந்து, கதவுல ஒட்டியிருக்கிற தாளைப் படிச்சுப் பார்த்துட்டா வீசும், சாமி?" என்று கேட்டார். விடைக்குக் காத்திராமல் கயிற்றை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

அவர் துணிச்சலை மட்டும் பாராட்டுவது போதாது. அவர் காட்டிய விவேகத்தையும் சொல்ல வேண்டும். வீட்டு வாயிலின் வழியே செல்லவில்லை. பின்புறத் தோட்டத்து வேலியைத் தாண்டிச் சென்றார். வீட்டார் சன்னல்களை அடைத்து உள்ளே இருக்குமாறு குரல் கொடுத்தார். துண்டை மூக்குவரை இறுகக் கட்டினார். முதலில் குலைகளையும் மட்டைகளையும் ஒவ்வொன்றாகக் கயிற்றில் இறக்கினார். பிறகு கொண்டைக்குக் கீழே வடத்தைக் கட்டி, எதிர்ப்புறம் நின்ற புளியமரத்தின் அடியில் சுற்றி இழுத்து முடிந்தார். கூரையில் ஓர் ஓடும் உடையவில்லை. சாய்ந்த மரத்தையும் வெட்டவில்லை. "காய்க்கிற மரம், புயல் தாண்டட்டும், பார்த்துக்கலாம்" என்றார். கூலியை அந்தத் தாயார் சன்னல் வழியே நீட்டியபோது, மறுமுறை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, ஆற்றங்கரைக்குச் சென்று சோப்பிட்டுக் குளித்த பின்னரே வீட்டிற்குத் திரும்பினார்.

நிவர் புயல் நவம்பர் 25 நள்ளிரவில் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. எங்கள் பகுதி பெருங்காற்றிலிருந்து தப்பியது. இறைவனுக்கு நன்றி கூறினோம். ஆனால் வராத ஆபத்திற்காக உழைத்தவருக்கு நன்றி கூறும் வழக்கம் உலகில் இல்லை. "புயலும் வரலே, வீணாகப் போய் நோய் வீட்டைத் தொட்டுவிட்டு வந்திருக்கான்" என்ற பேச்சு தெருவில் எழுந்தது. 23-ஆம் நாள் அவரைக் கைகூப்பி அழைத்த வீடுகள் 27-ஆம் நாள் அவரைக் கண்டதும் கதவைச் சாத்தின. கடையில் அவருடைய மகளிடம் காசை வாங்காமல் தரையில் வைக்கச் சொன்னார்கள். குழாயடியில் அவர் மனைவியின் குடம் தனியே நின்றது.

நடுநிலையோடு சிந்திப்போம். சில நாள்கள் எட்டி நிற்பது தவறன்று. அன்றைய நிலையில் அது அறிவுடைமை. அவரே தம் பிள்ளைகளைத் தனியறையில் படுக்க வைத்தார். ஆனால் எட்டி நின்றவர்கள் எவரும், அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று எட்டி நின்றபடியே கேட்கவில்லை. விலகி நிற்பது வேறு; விலக்கி வைப்பது வேறு. நோயின் பெயரால் விலகக் கற்றுக்கொள்வதற்கு நெடுங்காலம் முன்பே, பிறப்பின் பெயரால் விலக்கக் கற்றுக்கொண்ட நாடு நம்முடையது. தெருவிலும், கோயிலிலும், கல்லறைத் தோட்டத்திலுங்கூட அந்தப் பழக்கத்தின் சுவடுகளை நாம் கண்டிருக்கிறோம். ஆதலால் புதிய அச்சம் வந்ததும் பழைய பாதை நமக்குத் தானாகவே கால்வாகில் வந்தது.

அந்த நாள்களில் கோயில் தோப்பில் ஒரு வேலை இருந்தது. தனியாக, திறந்த வெளியில் செய்யத்தக்க வேலை என்பதால் அவரை அழைத்தேன். இரண்டு தென்னைகளின் தூரிலிருந்து செம்பழுப்பு நிறச் சாறு வடிந்துகொண்டிருந்தது. அடிமட்டைகள் காய்ந்து மரத்தோடு ஒட்டித் தொங்கின. இந்நோய்க்குத் 'தஞ்சாவூர் வாடல் நோய்' என்றே பெயர். 1952-ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் இம்மாவட்டத்தின் கடலோரப் பகுதிகளில் மிகுதியாகக் காணப்பட்டதால் அப்பெயர் நிலைத்தது. 'கானோடெர்மா' என்னும் பூசணம் வேரை அழித்துத் தூரை உளுக்கச் செய்கிறது. முற்றிய நிலையில் மரத்தடியில் காளான் முளைக்கும். மண் வழியாகவும், ஒரு மரத்தின் வேர் மற்றொன்றைத் தொடுவதாலும், மரத்திற்கு மரம் பாயும் பாசன நீராலும் பரவுகிறது. மரங்களுக்குள் பரவும் கொள்ளைநோய் என்றே இதனைக் கூறலாம். பட்டுக்கோட்டையை அடுத்த வேப்பங்குளத்தில் உள்ள தென்னை ஆராய்ச்சி நிலையம் இந்நோயைக் குறித்து நீண்ட காலமாக ஆய்வு செய்து வருகிறது.

இதற்குச் செய்யப்படும் பண்டுவத்தைக் கேளுங்கள். நோயுற்ற மரத்தின் தூரிலிருந்து நான்கடி தள்ளி, இரண்டடி ஆழமும் ஓரடி அகலமும் உள்ள அகழியை வட்டமாக வெட்ட வேண்டும். அதன் வேர் அடுத்த மரத்தைத் தொடாமல் காக்கவே இந்த அகழி. வயல்போல் நீர் பாய்ச்சாமல் அம்மரத்திற்குத் தனியே வட்டப்பாத்தியில் நீர்விட வேண்டும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த ஒரு விழுக்காட்டுப் போர்டோ கலவையை மரத்திற்கு 40 லிட்டர் வீதம் தூரைச் சுற்றி ஊற்ற வேண்டும். ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கும் தொழுவுரமும் இட வேண்டும்.

இரு மரங்களையும் சுற்றி அவர் அகழி வெட்டி முடித்தார். வேலை தீர்ந்தது என்று எண்ணினேன். அவரோ பிண்ணாக்கு மூட்டையைத் தோளில் தூக்கி அகழியைத் தாண்டி உள்ளே வைத்தார். "பல பேர் அகழியோடு நிறுத்திடுவாங்க, சாமி. அப்புறம் மருந்து பலிக்கலேன்னு சொல்வாங்க. அகழி பக்கத்து மரத்துக்கு. எரு இந்த மரத்துக்கு" என்றார்.

அவர் மரத்தைப் பற்றித்தான் பேசினார். வேறு எதையும் உள்ளத்தில் வைத்துப் பேசியவரல்லர். ஆனால் அந்தச் சொற்கள் என்னை அன்று இரவெல்லாம் உறங்கவிடவில்லை. அகழி பக்கத்து மரத்திற்கு. எரு இந்த மரத்திற்கு. நோய் கண்ட வீடுகளைச் சுற்றி நாம் அனைவரும் அகழி வெட்டினோம். அது தேவையாகவும் இருந்தது. ஆனால் எத்தனை பேர் எருவைச் சுமந்துகொண்டு அகழியின் கரைவரை சென்றோம்?

கொள்ளைநோய்க் காலங்களில் மக்கள் வேண்டிக்கொள்ளும் புனித ரோக்கின் வரலாறு நினைவுக்கு வந்தது. நோயாளருக்குப் பணிசெய்து, தாமும் நோயுற்று, பிறருக்குத் தொல்லையாகாமல் காட்டுக்குள் ஒதுங்கினார் அவர். நாள்தோறும் ஒரு நாய் அவருக்கு ரொட்டித் துண்டைக் கவ்விக் கொண்டு வந்தது என்பது மரபு. அவருடைய சுரூபத்தின் காலடியில் அந்த நாய் இன்றும் நிற்கிறது. தனித்திருத்தலும் உணவூட்டலும் அந்த ஒரே சுரூபத்தில் இணைந்திருக்கின்றன.

அடுத்த வாரம் அன்பியப் பொறுப்பாளர்களோடு கோயில் முற்றத்தில் இடைவெளி விட்டு அமர்ந்து பேசினோம். முறை வைத்துக்கொண்டு, தனித்திருக்கும் ஒவ்வொரு வீட்டின் வாயிலிலும் நாள்தோறும் காய்கறியும் பாலும் வைப்பது என்று முடிவாயிற்று. முதல் பட்டியலில் நம் அன்பரின் வீடும் இருந்தது. ஆனாலும் அவருக்கு வேலை கொடுக்க எவரும் முன்வரவில்லை. அந்தத் தடையை உடைத்தவர் எவர் தெரியுமா? அறிவிப்புத் தாள் ஒட்டப்பட்ட வீட்டின் முதிய தாயார். தனிமை நாள்கள் முடிந்து, தாள் கிழிக்கப்பட்ட அன்று, அவர் தெருவில் இறங்கி நடந்து நம் அன்பரின் வீட்டு வாயிலுக்கே சென்றார். "வாப்பா, கட்டின கயிறை அவுக்கணும். கூலியும் பாக்கி நிக்குது" என்று தெரு கேட்கும் குரலில் அழைத்தார். வேலை முடிந்ததும் தெருப்பக்கத் திண்ணையில் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்து, தாமும் அருகே அமர்ந்து குடித்தார். போவோர் வருவோர் எல்லாரும் பார்த்தனர். மறுநாள் காலையில் இரண்டு வீட்டார் அவரைத் தேங்காய் வெட்டுக்கு அழைத்தனர். என் மறையுரைகள் சாதிக்காததை அந்த அன்னையின் ஒரு குவளைத் தேநீர் சாதித்தது.

2021 மே மாதம் இரண்டாம் அலை வந்தபோது நாங்கள் இழந்தவர்கள் பலர். இருபது பேருக்குமேல் கூடக்கூடாத அடக்கச் சடங்குகளை நான் அடுத்தடுத்து நிறைவேற்றினேன். ஆயினும் அந்த அலையில் எங்கள் ஊரில் தனித்திருந்த வீடுகளின் வாயிலில் பால் வைக்கப்படாத நாள் இல்லை என்பதை மனநிறைவோடு கூற முடியும். கோயில் தோப்பின் இரு தென்னைகளில் ஒன்று பட்டுப்போயிற்று. அதனை வேரோடு அகற்றி எரித்தோம். மற்றொன்று பிழைத்துக் காய்க்கிறது. எல்லா மரமும் பிழைப்பதில்லை. ஆனால் எருவிடாத மரம் எதுவும் பிழைப்பதில்லை.

இக்கட்டுரையை வாசிக்கும் குடும்பங்களுக்குச் சில வேண்டுகோள்கள். மரத்தை வெட்டித் திருத்துவதை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, ஆவணி, புரட்டாசியிலேயே முடித்துவிடுங்கள். புயல் அறிவிப்பு வந்த பின் அனைவரும் ஒரே மனிதரை ஏழு மரத்தில் ஏற்றினால், களைத்த கால் தளைக்கயிற்றில் வழுக்கும். தென்னையில் காய்ந்ததும் தொங்கியதுமான மட்டைகளை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். பச்சை மட்டையைக் கழித்தால் காய்ப்பு குன்றும். மின்கம்பியை ஒட்டிய மரமானால், மின்வாரியத்திற்குத் தெரிவித்து மின்னோட்டத்தை நிறுத்திய பின்னரே ஆள் ஏற வேண்டும். அதற்கு அரைநாள் காத்திருப்பது பெரிதன்று.

மரம் ஏறுபவரிடம் கூலி பேசுமுன், அவர் விழுந்தால் அக்குடும்பத்திற்கு என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயது வரையிலானோர் ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்தி இரண்டு இலட்சம் ரூபாய்க்கு விபத்துக் காப்பீடு பெறும் மத்திய அரசுத் திட்டம் உண்டு. தென்னை ஏறுவோர்க்கென்றே தென்னை வளர்ச்சி வாரியம் 'கேர சுரக்ஷா' என்னும் காப்பீட்டை நடத்துகிறது. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2021 ஆகஸ்டு 26 அன்று தொடங்கப்பட்ட 'இ-ஷ்ரம்' பதிவும் இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் உங்கள் மகனோ மகளோ ஒரு மாலைப்பொழுதில் இவற்றைப் பதிவு செய்து கொடுத்துவிடலாம். கேரளத்தில் செம்பேரி என்னும் ஊரைச் சேர்ந்த ஜோசப் என்னும் உழவர் கண்டுபிடித்த ஏறுகருவியைப்போல், பாதுகாப்பாக மரம் ஏறும் கருவிகளும் வந்துவிட்டன. ஒரு பங்கு சேர்ந்தால் ஒரு கருவி வாங்குவது அரிதன்று.

கொள்ளைநோய் ஓய்ந்துவிட்டது. அறிவிப்புத் தாள்கள் கதவுகளிலிருந்து உதிர்ந்துவிட்டன. எனினும் காசநோய், தொழுநோய், மனநோய், கடன், அவமானம் என்று வேறு வேறு பெயர்களில் தாள் ஒட்டப்பட்ட வீடுகள் ஒவ்வொரு தெருவிலும் இன்றும் உள்ளன. உங்கள் தெருவில் அப்படியொரு வீடு எது என்பது உங்களுக்குத் தெரியும். இந்த வாரம் ஒருநாள் அந்த வாயில்வரை சென்று வாருங்கள், வெறுங்கையோடு செல்லாதீர்கள்.